வெள்ளை அட்டை

பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று போன் கேமராவை வைத்தே சொல்லும் செயலி. அதைத்தான் ஆபீஸில் அக்காக்காரி உருவாக்கிக்கொண்டிருந்தாள். முக்கால்வாசி நேரம் கேமராவோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது. யாரைக் காட்டினாலும் அதற்கு அழகாகத் தெரிய வேண்டும். மஞ்சளாக இருந்தால் தானாகவே ரோஜா நிறமாக்கிவிடும். உன்னை யார் கேட்டது? அதனால்தான் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை வைக்கச் சொன்னாள். அட்டையை வைத்துத்தான் செயலி மற்ற நிறங்களைச் சரிபார்க்கும். தம்பிக்குக் குழந்தை பிறந்ததும் அவனுக்கும் ஓர் அட்டையை அனுப்பிவைத்தாள்.

அந்த வாரமே தம்பி பெண்டாட்டி அழாத குறையாக போன் செய்தாள்.

“அண்ணி, புள்ள மஞ்சளா இருக்கு. பாலும் சரியாக் குடிக்கல. இவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார்.”

தம்பி போனைப் பிடுங்கினான். “இவ சும்மா பயப்படுறாக்கா. உன் ஆப்பே நார்மல்னு சொல்லுது!”

“ஆப் காட்டுற படத்தை அனுப்புடா.”

வந்தது. அட்டை பளிச்சென்று வெள்ளை. குழந்தை ரோஜா நிறம். ஆனால் டயப்பர் மட்டும் நீலம் பூத்துக் கிடந்தது.

“டயப்பர் என்ன கலர்டா?”

“வெள்ளைதான்.”

“அது நான் அனுப்பின அட்டையா?”

“அது எங்கயோ போச்சுக்கா. பழைய ஃபைல் அட்டையை அதே சைஸுக்கு வெட்டிக்கிட்டேன்.”

“அது வெள்ளையா?”

“கிரீம் கலர்... கிட்டத்தட்ட வெள்ளைதானே?”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அட்டையின் மஞ்சளை வெளிச்சத்தின் மஞ்சள் என்று நினைத்துச் செயலி கழித்துவிட்டது. கூடவே குழந்தையின் மஞ்சளையும் கழித்துவிட்டது. அவள் உயிரைக் கொடுத்துப் போட்ட கணக்கு, சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தது.

“அறிவிருக்காடா உனக்கு? பெத்தவ கண்ணைவிட என் ஆப் பெருசா? இப்பவே கிளம்பு!”

ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்றாராம் டாக்டர்.

சாயங்காலம் தம்பியிடமிருந்து இன்னொரு படம் வந்தது. காமாலையை இறக்கும் நீல விளக்கின் அடியில் கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் குழந்தை, பக்கத்தில் ஒரு தாள். கூடவே போனும் வந்தது.

“நர்ஸ்கிட்ட கேட்டு அசல் வெள்ளையே வாங்கி வெச்சேன்க்கா. ஆப் என்னென்னமோ சொல்லுது.”

“போனைக் கீழ வைடா பாவி! புள்ள எப்படி இருக்குன்னு உன் பொண்டாட்டியைக் கேளு!”

போன் கைமாறி, தம்பி பெண்டாட்டியின் குரல் வந்தது.

“புள்ள பால் குடிச்சிடுச்சு அண்ணி. வயிறு முட்டக் குடிச்சுது.”

ஆபீஸ் என்றும் பாராமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள் அக்காக்காரி.