ஒரிஜினல்கள் சார் கையில்

திங்கள் காலை எனக்கு அரசுப் பள்ளி வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் வேலை கிடையாது. என் ஒரிஜினல்களோ தி. நகரில், வெங்கடரமணன் சாரின் இரும்பு பீரோவில் கிடந்தன. அவருடைய ஆங்கில டியூஷன் சென்டரில் சேரும் டீச்சர்கள் அவற்றைக் கொடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும். நானும் மக்கு மாதிரி நீட்டியிருந்தேன்.

ஒரு வாரமாகக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை டெமோ கிளாஸ் முடியட்டும் என்று தேனொழுகச் சொன்னார். அந்த ஞாயிறும் வந்தது. பிள்ளைகள் முன்னால், பெற்றோர் பின்னால், சார் கதவை மறித்து நாற்காலி போட்டிருந்தார்.

வினை வகைகள்தான் பாடம். ‘ஸ்லீப்’ என்றால் தூங்கு, அதோடு பேச்சு முடிந்தது. ‘பை’ என்றால் வாங்கு. எதை என்று சொன்னால்தான் ஆகும். அந்த ‘எதை’தான் டைரக்ட் ஆப்ஜெக்ட். பிள்ளைகள் பந்து, பஞ்சுமிட்டாய் என்று அடுக்கினார்கள்.

சாரின் சிரித்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருவது வரட்டும் என்று போர்டில் எழுதினேன்: ‘சார் கெப்ட் மை சர்டிபிகேட்ஸ்.’ சார் வைத்துக்கொண்டார். எதை? பிள்ளைகள் ஒரே குரலில் சர்டிபிகேட்ஸ் என்றார்கள்.

இத்தனை பேர் முன்னால் மனிதர் முகம் செத்துப்போகும் என்று நினைத்தேன். அவரோ கைதட்டினார். பெற்றோரும் தட்டினார்கள். என்னமா உதாரணம் சொல்றாங்க என்று ஓர் அப்பா மெச்சினார்.

ராயப்பேட்டையிலிருந்து மகளோடு வந்திருந்த ஜைதூன் பீ மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்றார்.

“மிஸ், இது பாடத்துக்கு சொன்னதா? இல்ல, நெசமாவே வச்சிக்கினு கீறாரா?”

சார் சட்டைப்பையிலிருந்து பீரோ சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினார். உண்மையைச் சொன்னால் அந்த பீரோ திறக்காது. பொய் சொன்னால் ஒருவேளை சாயங்காலமே கொடுத்துவிடுவார்.

“பாடத்துக்குத்தாம்மா,” என்றேன்.

ஜைதூன் பீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் போனார்கள். நான் சாரிடம் கை நீட்டினேன். அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“அத்தனை பேரும் உங்க கிளாஸ்தான் வேணும்னு சேர்ந்திருக்கா, சரண்யா. இப்போ போய் உங்களை எப்படி விடறது? போறச்சே அந்த போர்டை அழிச்சுட்டுப் போங்கோ.”