விலை ஏறிய நாள்

சந்தையில் வீணாகும் தக்காளியிலிருந்து எரிவாயு எடுக்கும் என் சோதனை ஆலை, பாலக்கோட்டில் தொண்ணூறு நாள் நிற்காமல் ஓடினால்தான் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுபோகும். எண்பத்தேழாம் நாள் பார்த்தா தக்காளி விலை ஏற வேண்டும்? அடிபட்ட பழம்கூட விற்றுப்போனது. ஒரு கூடைக் கழிவு வரவில்லை. விலை விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இதை இந்த ஊரில் யாரிடம் சொல்ல?

தினமும் கழிவு கொண்டுவரும் விவசாயி மாதப்பன் வெறும் டிராக்டரில் வந்து லட்டு நீட்டினார். “மூணு வருசங்கழிச்சு நல்ல வெலைங்க மேடம். கோயில்ல உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேனுங்க.”

“ரொம்ப சந்தோசங்க” என்றேன்.

அவர் போனபின், வாயு அளவு காட்டும் முள் இறங்குவதைப் பார்த்தபடி லட்டு முழுவதையும் தின்று முடித்தேன்.