வெள்ளையோடு ஏறக்கூடாது

தொண்ணூற்று மூன்றில் போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. வவுனியாவில் மகளுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கிவிட்டதால், பராசக்தி நீர்வேலியிலிருந்து தனியே கிளாலிக் கடலேரிக் கரைக்கு வந்திருந்தாள். பொழுதுபட, படகில் ஏறப் போனவளைப் படகோட்டி கனிசியஸ் மறித்தான்.

“அம்மா, வெள்ளைச் சீலையோடை ஏத்தேலாது. நேவிக்காரன் தூரத்திலையே கண்டிடுவான். டோர்ச்சும் கொண்டுவரக் கூடாது.”

“நான் தாலி அறுத்தவள், தம்பி. பைக்குள்ளையும் வெள்ளைதான் கிடக்கு.”

படகிலிருந்த ஒருத்தி தன் பையிலிருந்து சிவப்புச் சீலையொன்றை எடுத்து நீட்டினாள். பத்து வருடமாக நிறம் தொடாத பராசக்திக்குக் கை எழவில்லை. ஆனால் படகில் கைக்குழந்தைகள் இருந்தன. அவள் கரைச் சேற்றில் இறங்கி உட்கார்ந்து, கறுத்த சேற்றை அள்ளி முந்தானையிலிருந்து கொய்யக மடிப்பு வரை பூசினாள்.

“இப்ப தெரியுமோ?”

“இல்லையம்மா. ஏறுங்கோ.” கனிசியஸ் கை கொடுத்தான்.

நடுவழியில் தேடுவிளக்கின் ஒளி நீரைத் தடவிக்கொண்டு வந்தது. கனிசியஸ் இயந்திரத்தை நிறுத்தினான். பராசக்தி பக்கத்துக் குழந்தையின் மேல் கவிழ்ந்து மூச்சை அடக்கினாள். ஒளி அவள் முதுகில் ஒரு கணம் நின்றது. பிறகு விலகிப் போயிற்று.

விடியுமுன் அக்கரையில் இறங்கினார்கள். மூன்றாம் நாள் வவுனியாவில் பேத்தி பிறந்தபோது பராசக்தி பக்கத்தில் இருந்தாள்.