இடது பெடல்

மூன்றாவது பாட்டின் நடுவில் அவனுடைய இடது கால் பெடலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. மிச்சப் பாட்டை வலது காலை மட்டும் வைத்து ஒப்பேற்றினான். பதினாறு வருஷமாக மெட்டல் இசைக்குழுக்களில் ட்ரம்ஸ் வாசிப்பவன். இரண்டு கால்களும் மாறி மாறி பாஸ் ட்ரம்மில் இறங்கும் வேகம்தான் அவன் பேர், பிழைப்பு எல்லாம். ஒரு மாதமாக இடது முட்டிக்குக் கீழே உணர்வே இல்லை, மரக்கட்டைதான். யாரிடமும் மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் குழு வெளியூர்களுக்குக் கிளம்புகிறது; இன்றைய பதிவு சொதப்பினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டிருந்தார். "மிஷின் தோத்துடும்பா. ஒரு அடி கூட வெட்டி ஒட்ட வேண்டியதில்ல."

கேலி என்று நினைத்து, திரும்பப் போடச் சொன்னான். ஹெட்ஃபோனில் இரண்டு கால்களும் கேட்டன. இடதுதான் கொஞ்சம் கனமாக விழுந்தது. அவன் ஒருநாளும் அப்படி மிதித்ததில்லை.

அவன் அக்கா ட்ரம் சாவியோடு உள்ளே வந்தாள். ட்ரம் தோல்களை முறுக்கிச் சுருதி சேர்ப்பது அவள் வேலை. விட்டுப்போன அடிகளை ஒலிப்பதிவாளரே நிரப்பியிருப்பாரோ என்று மெதுவாகக் கேட்டான். குடித்த கோப்பையைக் கழுவவே சோம்பல்படுகிற மனுஷன் உனக்காக ஆயிரம் அடி நிரப்புவாரா என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்தவள் நிமிரவில்லை.

"தம்பி, ஷூவை எப்போ கழட்டினே?"

"கழட்டவே இல்லையேக்கா."

இடது பெடலின் தகட்டில் ஈரமான வெறுங்காலின் தடம். அவன் காலைவிடச் சிறியது. ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. குதிகால் பக்கம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "உன் கால் போச்சுன்னு எனக்குத் தெரியும்டா. நீ படியேறும்போதே பார்த்தேன். சொல்லிட்டு எழுந்து வா. போனா போகட்டும்."

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பகல்களை அவன் நினைத்துப் பார்த்தான். ஒரு பகலைத் தாண்டி நினைக்க முடியவில்லை.

அடுத்த பாட்டு இதைவிட வேகம், இப்போதே போகலாமா, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒலிப்பதிவாளர் காதுக்குள் கேட்டார். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்கண்ணே" என்றான்.

அவள் பெடல் பக்கம் போகாமல், சுவரை ஒட்டிச் சுற்றி வெளியேறினாள். காதில் தாளக் கணக்கு தொடங்கியது. அவன் இரண்டு கைகளாலும் இடது காலைத் தூக்கி ஸ்டூலுக்கு அடியில் தள்ளினான். பிறகு, பேருந்தில் பக்கத்தில் ஆள் உட்கார வரும்போது நகர்வது போல, கொஞ்சம் வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான்.