மூன்றாவது கேள்வி

அந்த ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? அழுக்குத் துணி வெளுக்கும் கூடத்தையும் தாண்டி, ஆகக் கடைசிக் கட்டடத்தில். இதயம், எலும்பு, வயிறு எல்லாம் வாசல் பக்கம். மனசு மட்டும் கொல்லைப்புறம். வாசல் பக்கத்து டாக்டர்களுக்கும் கொல்லைப்புறத்து டாக்டரம்மாவுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது ஒரு மஞ்சள் சீட்டு மட்டுந்தான். 'நோயாளி அழுகிறார், பார்க்கவும்.' 'நோயாளி சாப்பிட மறுக்கிறார், பார்க்கவும்.' ஒருமுறை, 'நோயாளியின் மச்சான் சண்டை போடுகிறார், பார்க்கவும்' என்றுகூட வந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சீட்டுகளுக்குப் பதில் எழுதி எழுதி அலுத்துப்போனவர் டாக்டரம்மா.

அன்றைக்கு மத்தியானம் இரண்டரை மணி. காலையிலிருந்து ஐம்பத்து மூன்று பேரைப் பார்த்தாயிற்று. சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. முழங்கால் வேறு விண்விண்ணென்று தெறித்தது. செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிய நேரம் பார்த்து மேஜையில் ஒரு மஞ்சள் சீட்டு வந்து விழுந்தது.

'உங்களிடம் சிகிச்சை பெறும் மனநோயாளி. வாந்திக்காக இங்கே சேர்ந்திருக்கிறார். வயிற்றில் இருந்த ரேடியோ நின்றுவிட்டதாகச் சொல்கிறார். வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் வார்டுக்கு மாற்றிக்கொள்ளவும்.'

அதே ஆளைப் பற்றிக் காலையிலேயே ஒரு சீட்டு வந்திருந்தது. 'உங்கள் மாத்திரையைத் தொடரலாமா?' என்று கேட்டிருந்தார்கள். அப்போது வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒருவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தலையை நிமிர்த்தாமல், 'தொடரவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஒரு வார்த்தை.

இப்போது சீட்டை இரண்டாந்தடவை படித்தார். ரேடியோ நின்றுவிட்டதா?

அந்த ஆள் ஒரு தையல்காரர். பதினோரு வருஷப் பழக்கம். வயிற்றுக்குள் ஒரு ரேடியோ இருக்கிறது, அது ஓயாமல் தன்னைத் திட்டுகிறது என்பதுதான் அவருடைய நோய். எத்தனையோ மாத்திரை கொடுத்தும் மசியவில்லை. கடைசியில் ஒரு மாத்திரை கேட்டது. ரேடியோ நிற்கவில்லை, சத்தம் மட்டும் குறைந்தது. "இப்ப ஏதோ பக்கத்து வீட்டுல பாடற மாதிரி இருக்கு டாக்டரம்மா, பொறுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினில் உட்கார்ந்தவர்தான். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினார்.

ஆனால் அது பொல்லாத மாத்திரை. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். எச்சில் ஒழுகும். குடலை மந்தமாக்கும். சிலருக்குக் குடல் அசையாமலே நின்றுபோகும், கவனிக்காவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் ஒவ்வொரு மாதமும் மூன்று கேள்வி கேட்டே தீர வேண்டும். தூக்கம் எப்படி? எச்சில் எப்படி? வெளிக்குப் போவது எப்படி?

போன மாதம் இரண்டு கேள்வி கேட்டதுதான் டாக்டரம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. செருப்பை மாட்டினார்.

லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. லிப்டையும் அதை வைத்தவனையும் முழங்காலையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறினார்.

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் தையல்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். போர்வைக்கு அடியில் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. பக்கத்தில் அவருடைய அக்கா, கையில் வாந்திக் கிண்ணத்தோடு. கல்யாணமே வேண்டாமென்று தம்பியைக் கட்டிக் காப்பாற்றி வரும் மனுஷி.

"வந்துட்டீங்களா டாக்டரம்மா! நேத்துலேருந்து ஒரே வாந்தி. ரேடியோ நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு புலம்பிக்கிட்டே கெடக்கறான். நல்லதுதானேன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கென்னமோ பயமா இருக்கு."

இளம் டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டோடு வந்து நின்றார். அதில் அவர், 'குரல் கேட்பது நின்றுள்ளது. மனநிலையில் முன்னேற்றம்' என்று எழுதியிருந்தார். முன்னேற்றமாம்!

"ஸ்டெத் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

டூட்டி டாக்டர் விழித்தார். மனநல டாக்டர் ஸ்டெத் கேட்டு அவர் பார்த்ததில்லை. டாக்டரம்மாவுடைய ஸ்டெத் எந்த மேஜை இழுப்பறையில் கிடக்கிறதோ, அவருக்கே தெரியாது. வாங்கி, கட்டிலோரம் உட்கார்ந்து, அந்த உப்பிய வயிற்றில் வைத்தார். சாதாரண வயிறு என்றால் கடமுடா என்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். இடம் மாற்றி மாற்றி வைத்து மூன்று நிமிஷம் கேட்டார். ஒன்றுமே இல்லை.

தையல்காரர் கண்ணைத் திறந்தார். "கேக்கல இல்ல?"

"கேக்கல. நீங்க சொன்னது சரிதான்."

"யாரும் நம்பல டாக்டரம்மா."

"வெளிக்குப் போயி எத்தனை நாளாச்சு?"

அவர் அக்காவைப் பார்த்துக் கூச்சப்பட்டார். எட்டு விரலைக் காட்டினார்.

எட்டு நாள்! ஒரு ஆஸ்பத்திரி முழுக்க டாக்டர்கள் இருந்தும் ஒருத்தரும் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை.

"என் மாத்திரையைக் காலையிலிருந்து குடுத்தீங்களா?"

"நீங்கதானே மேடம் தொடரச் சொல்லி எழுதினீங்க" என்றார் டூட்டி டாக்டர். "பன்னெண்டு மணிக்குக்கூடக் குடுத்தோம்."

டாக்டரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரே கேஸ் ஷீட்டில் குத்தியிருந்த மஞ்சள் சீட்டில் அந்த ஒற்றை வார்த்தை, தன் கையெழுத்தோடு, இளித்துக்கொண்டு கிடந்தது.

அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். நர்சுகள் அவருக்கு வைத்திருந்த பேர் சுடுதண்ணி. கிட்டே போனால் தெறிக்கும்.

"மேடம், நான் இப்பத்தான் நாலாவது ஆபரேஷன் முடிச்சு உக்காந்தேன்" என்றது சுடுதண்ணி. "அது மெண்டல் கேஸ். உங்க ஆளை நீங்க பாருங்க. எங்க தலையில கட்டாதீங்க."

"சார், இது என் மாத்திரையால வந்தது. எட்டு நாளா குடல் அசையல. காலையிலேயே நான் வந்து பாத்திருக்கணும், வரல. சீட்டுல எழுதி அனுப்பிட்டேன். தப்பு என்னோடதுதான். திட்டறதா இருந்தா அப்புறம் நிதானமா திட்டுங்க. இப்ப வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது.

"வர்றேன்" என்றார்.

வந்தார், அமுக்கிப் பார்த்தார், அதற்குள் எடுத்து வைத்திருந்த எக்ஸ்ரேயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகம் மாறியது. "உடனே தியேட்டருக்கு எடுங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டா குடல் கிழிஞ்சிரும்."

ஆனால் தையல்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வயித்தை அறுத்தா ரேடியோவை எடுத்துருவீங்க. நான் வரமாட்டேன்."

"அது திட்டற ரேடியோதானேப்பா, போனா போகட்டுமே!" என்று அக்கா அழுதாள்.

"திட்டினாலும் பேசுதுல்ல" என்றார் தையல்காரர்.

ரேடியோ இருக்கிறது என்றோ இல்லை என்றோ இந்தப் பதினோரு வருஷத்தில் டாக்டரம்மா சொன்னதில்லை. குனிந்து, "தையல்காரரே, இவர் ரேடியோவைத் தேடப் போகல. அடைச்சிருக்கற குடலைச் சரி பண்ணப் போறாரு. நான் கூடவே நிக்கறேன்" என்றார்.

தையல்காரர் அறுவை டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார். "தையல் ஒழுங்காப் போடுவீங்களா?"

"நீங்களே பாத்துக் கொறை சொல்லுங்க" என்றார் சுடுதண்ணி. தெறிக்கவில்லை. தையல்காரர் கம்பியை விட்டார்.

சொன்னபடியே டாக்டரம்மா தியேட்டரில் ஒரு மூலையில் முழங்கால் வலியோடு இரண்டரை மணி நேரம் நின்றார். குடலில் ஒரு முழம் போயிற்று, ஆள் பிழைத்தார். டாக்டரம்மா வெளியே வந்து அக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், காலையில் எழுதிய ஒற்றை வார்த்தை உட்பட. அக்கா மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, சாபமும் விடவில்லை.

"இனிமே அந்த மாத்திரை?"

"குடுக்க முடியாது."

"அப்ப பழைய மாதிரி ஆயிடுவானா?"

"ஆகலாம்மா. வேற மருந்து பாக்கலாம். ஆனா இதுதான் அவருக்குக் கேட்டுச்சு."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை. சீட்டு வரவில்லை, சுடுதண்ணியே போனில் கூப்பிட்டார். "மேடம், வயிறு பேச ஆரம்பிச்சிருச்சு! வந்து கேளுங்க." குரலில் அப்படியொரு குதூகலம்.

டாக்டரம்மா போனபோது அறுவை டாக்டர் ஸ்டெத்தை நீட்டினார். வைத்துக் கேட்டார். கடமுடா, கடமுடா. அப்பாடா என்று இருந்தது. அப்புறம் தையல்காரரின் முகத்தைப் பார்த்தார். கண் குழிவிழுந்து, தூங்காத கண்ணாக இருந்தது. விரல்கள் போர்வையைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

"ரேடியோ வந்துருச்சா?"

"வந்துருச்சு டாக்டரம்மா. பக்கத்து வீட்டுல இல்ல. காதுக்குள்ளயே கத்துது."

அறுவை டாக்டரின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. தன் வேலை முடிந்த இடத்தில் இன்னொருத்தர் வேலை தொடங்குகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். போய்விடுவார் என்றுதான் டாக்டரம்மா நினைத்தார். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டாக்டரம்மாவும் கட்டிலோரம் உட்கார்ந்தார். "என்ன சொல்லுது?"

தையல்காரர் தயங்கினார். அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க."

"உங்களைத்தான் திட்டுது டாக்டரம்மா. காலையிலேயே ஏன் வரலைன்னு கேக்குது."

"சரியாத்தான் கேக்குது" என்றார் டாக்டரம்மா. "வேற என்ன சொல்லுது? எல்லாத்தையும் சொல்லுங்க. நான் எங்கேயும் போகல."