சுமலதா ஒயரை மாற்றினாள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஓசூரில் ஒரு சின்ன கம்பெனி ஆபீஸில் கடிதங்கள் டைப் அடிப்பது என் பிழைப்பு. போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு தாள்கள் அடித்தேன். இரண்டிலும் இருந்தது ஒரே வேலை. பெயர்தான் வேறு.

2

முதல் தொடக்கம்: நீல ஒளியில் மூழ்கிய ஆய்வகத்தில் விஞ்ஞானி குருமூர்த்தி

(நிறுத்திவிட்டேன். அழிக்கவில்லை. என் கை யாரை முதலில் எழுதியது என்று நீங்களே பாருங்கள். வெட்கக்கேடு.)

இரண்டாம் தொடக்கம்: பாகலூரிலிருந்து வேலைக்கு வரும் சுமலதா, காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் இரண்டு கிராஃபைட் குச்சிகளை நிறுத்தி மின்சாரம் விடுவாள். குச்சியிலிருந்து கரி கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிரும். அந்தத் தண்ணீரைப் புற ஊதா விளக்கில் காட்டினால் மங்கலாக நீலம் தெரியும். ஒரு குச்சி மட்டுமே தேய்கிறதே என்று, ஒருநாள் அரை மணிக்கு ஒருமுறை ஒயர்களை மாற்றி மாட்டினாள். அன்று தண்ணீர் பளீரென்று ஒளிர்ந்தது. கம்பெனி இத்தனை நாள் தேடியது அந்த வெளிச்சத்தைத்தான்.

"யாரைக் கேட்டு ஒயர்ல கை வெச்ச?" என்று கத்தினார் ஆய்வுப் பிரிவு மேனேஜர் குருமூர்த்தி.

"ஒரு பக்கமே தேயுது சார். செருப்பு அப்படித் தேஞ்சா நடக்க முடியுமா?"

ஒன்பதாம் தேதி அவளுக்கு மெமோ: 'அனுமதியின்றி இணைப்பை மாற்றியது ஒழுங்கீனம். மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை இல்லை.' பன்னிரண்டாம் தேதி காப்புரிமை விண்ணப்பம்: 'இணைப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கும் புதிய முறை. கண்டுபிடித்தவர் குருமூர்த்தி.'

இரண்டையும் வாயை மூடிக்கொண்டு அடித்தவன் நான். தூ!

3

விண்ணப்பத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் மெமோவைக் கிழித்து அவர் முகத்தில் வீச, கண்களில் தீப்பொறி

(இல்லை. அது என் ஆசை.)

அவள் மெமோவை மூன்று முறை படித்தாள். பிறகு மன்னிப்புக் கடிதத்தில், இன்ன தேதியில் ஒயரை மாற்றியது நான்தான் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"கிழிச்சிட்டா, நான்தான் செஞ்சேன்னு சொல்றதுக்கு வேற என்ன இருக்குது? மெமோ, இந்தக் கடிதம் ரெண்டுத்துக்கும் ஆபீஸ் சீல் குத்தி எனக்கொரு காப்பி குடுங்கண்ணா."

உள்ளேயிருந்து குருமூர்த்தியின் குரல்: "காப்பி கீப்பி எதுவும் வெளிய போகக்கூடாது!"

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சீல் குத்திக் கொடுக்கிறேன். மற்றொன்றில் "நாளைக்கு வாம்மா" என்கிறேன். முதலாவதில் நான் எவ்வளவு நல்லவன்! அந்த நல்லவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்களே எழுதுங்கள். போவது என் வேலைதான், உங்களுடையது அல்ல, தைரியமாக எழுதலாம். கொஞ்சம் சீக்கிரம். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.