விறைப்பாகக் கட்டிய கயிறு

படகுதான் எங்களுக்கு வீடு. கடலோரக் கால்வாயில் ஊர் ஊராகப் போவோம். இன்று கடல் ஏற்றத்தால் கால்வாயில் தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில் ஒரு துறையில் நிறுத்தினோம். "ஆட்டமே இருக்காது பாரு" என்று வீட்டுக்காரர் இரண்டு கயிறுகளையும் விறைப்பாகக் கட்டினார். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

தண்ணீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்க ஆரம்பித்தது. அடுப்பிலிருந்த பால் சரிந்து கொட்டியது. பின்கயிறு படீரென்று அறுந்தது. படகின் பின்பக்கம் அமிழ்ந்து, சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தது. அவர் கரைக்குத் தாவி, முன்கயிற்றின் முடிச்சோடு மல்லுக்கட்டினார். அது அசையவில்லை. நான் கத்தியை எடுத்தேன்.

"அறுத்துடாதடி! புதுக் கயிறு!"

"கயிற நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க!"

அறுத்தேன். படகு தொப்பென்று விழுந்து நிமிர்ந்தது. நீரோட்டம் என்னைக் கடலை நோக்கி இழுத்தது. கரையில் அவர் கயிறும் கையுமாக நின்றார்.

இன்ஜின் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.